விலா எலும்புகளுக்கு இடையே ஒரு தட்டல்

முழு உடல் பரிசோதனை முடித்து வாங்கி வரும் காகிதக் கட்டில், வயிற்று ஸ்கேன் அறிக்கையின் அடியில், இன்று பலருக்கும் ஒரு வரி இருக்கிறது: "கிரேடு 1 ஃபேட்டி லிவர்." சிலருக்கு 2, சிலருக்கு 3. அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. "இது யாருக்குத்தான் இல்லை" என்று மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரு சாராருமே, கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் சொல்லாத ஓர் எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த எண் கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அதையும், பக்கத்திலிருக்கும் வலது சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் திரையில் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்று கண்ணால் ஒப்பிட்டுச் சொல்கிறது. ஆனால் இந்த நோயில் ஒருவரின் கல்லீரல் எத்தனை காலம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பு அல்ல, தழும்பு. உள்ளே தழும்பு விழுந்திருக்கிறதா, எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை ஊசி குத்தாமல் அறிய மருத்துவம் கண்ட வழிகள்தான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். சென்னை நகர மக்களிடம் நடந்த க்யூர்ஸ் ஆய்வின் ஒரு பகுதியாக 541 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த முடிவின்படி 32 சதவீதத்தினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேல். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த கணக்கு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 38 சதவீதம் என்றது. இத்தனை பேருக்கும் கல்லீரல் கெட்டுப்போய்விடாது. பெரும்பாலோருக்குக் கொழுப்பு கொழுப்பாகவே இருந்துவிடும். அவர்களுக்கு வரும் பெரிய ஆபத்து மாரடைப்பின் பக்கத்திலிருந்துதான் வரும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் அழற்சி, தழும்பு, சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் என்று நோய் நீள்கிறது. கோடிக்கணக்கானவர்களுக்குள் அந்தச் சிலர் யார்? அவர்களுக்கு வலி இருக்காது, மஞ்சள் காமாலை இருக்காது. ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு இயல்பாகவேகூட இருக்கலாம். உடல் பருமனாக இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. தெற்காசியர்களில் எடை அதிகமில்லாமல் இடுப்புச் சுற்றளவு மட்டும் கூடியவர்களுக்கும் இந்த நோய் வருவதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

தழும்பு எப்படி விழுகிறது என்பது தனியே சொல்லத் தக்க கதை. கல்லீரல் செல்களுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய ரத்த நாளங்களுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அதில் கிளைகளை விரித்தபடி சில செல்கள் கிடக்கின்றன. 1876இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் தங்க குளோரைடு கொண்டு சாயமேற்றி இவற்றைப் பார்த்தார். வடிவத்தை வைத்து நட்சத்திர செல்கள் என்று பெயரிட்டார். இவற்றின் வேலை என்ன என்பது வெகு காலம் குழப்பமாகவே இருந்தது. ஜப்பானின் கென்ஜிரோ வாகே 1971இல்தான் இவை வைட்டமின் ஏயைச் சேமித்து வைக்கும் செல்கள் என்று தெளிவுபடுத்தினார். நம் உடலின் வைட்டமின் ஏ கையிருப்பில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீட்மனும் உடன் உழைத்தவர்களும் எலியின் கல்லீரலிலிருந்து இந்தச் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். கல்லீரலில் கொலாஜன் நாரை உண்டாக்குவதில் முதலிடம் இவற்றுக்குத்தான் என்று காட்டினார்கள்.

வைட்டமினைக் காத்துக்கொண்டு சும்மா இருந்த செல், பக்கத்துச் செல்கள் காயப்பட்டதும் ஆளே மாறிவிடுகிறது. சேமித்த துளிகளை இழக்கிறது, தசையின் சுருங்கும் தன்மையைப் பெறுகிறது, நாரைச் சுரந்து சுற்றிலும் பரப்புகிறது. ஒருமுறை பட்ட காயமென்றால் அந்த நார் பிறகு கரைக்கப்பட்டுவிடும். கொழுப்பு நிரம்பிய செல்கள் அழற்சிக்கு ஆளாகி ஆண்டுக்கணக்காகச் செத்துக்கொண்டே இருந்தால், கரைவதைவிடப் படிவது அதிகமாகிறது. முதலில் அங்கங்கே நார், பிறகு ஒரு ரத்தக்குழாயிலிருந்து இன்னொன்றுக்குப் பாலமிடும் நார், கடைசியில் கல்லீரலையே சிறு சிறு முடிச்சுகளாகப் பிரித்துவிடும் நார் வளையங்கள். நோய்க்குறியியலாளர்கள் இதை எஃப் 0 முதல் எஃப் 4 வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். எஃப் 4 என்பதுதான் சிரோசிஸ். ஸ்கேன் அறிக்கையின் கிரேடு 3க்கும் இந்த எஃப் 3க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிரேடு 3 கொழுப்பு இருந்தும் தழும்பே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். சிரோசிஸ் முற்றிய பிறகு கொழுப்பு வடிந்து, கிரேடே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினரின் அறிக்கையில் "கொழுப்பு குறைந்திருக்கிறது" என்று படித்து வீட்டார் மகிழ்ந்துபோகக்கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2015இல் பால் அங்குலோவும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து, கல்லீரலிலிருந்து திசு எடுத்துப் பார்க்கப்பட்ட 619 கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளின் பல்லாண்டுக் கதியைத் தொகுத்து வெளியிட்டார்கள். நுண்ணோக்கியில் தெரிந்த கொழுப்பு, அழற்சி, வீங்கிய செல்கள் என எல்லாவற்றையும் நோயாளிகளின் ஆயுளோடு பொருத்திப் பார்த்தபோது, தனித்து நின்று எதிர்காலத்தைச் சொன்னது தழும்பின் படி ஒன்றுதான். அதற்குப் பிறகு இந்தத் துறையின் கவனமே திரும்பியது.

அந்தப் படியை அறிய நெடுங்காலமாக இருந்த ஒரே வழி ஊசி. 1883இல் பால் எர்லிக் கல்லீரலிலிருந்து ஊசியால் திசு எடுத்ததாக மருத்துவ வரலாறு சொல்கிறது. 1958இல் இத்தாலியின் ஜார்ஜியோ மெங்கினி, ஊசி கல்லீரலுக்குள் ஒரே ஒரு நொடி மட்டும் இருக்கும் முறையை விவரித்தார். அதன் பிறகு பயாப்ஸி உலகெங்கும் பரவியது. ஆனாலும் அது விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்துவதுதான். பலருக்கு வலிக்கும். அரிதாக ரத்தக்கசிவு ஏற்படும், மிக அரிதாக உயிருக்கே ஆபத்து. மூன்றில் ஒருவருக்கு இருக்கும் நோய்க்கு எல்லோரையும் குத்திப் பார்க்க முடியாது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. ஊசியில் வரும் துணுக்கு கல்லீரலில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு. தழும்பு எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. பாரிஸில் விளாட் ரட்சியு குழுவினர் 51 பேரிடம், ஒரே கல்லீரலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு துணுக்குகள் எடுத்து ஒப்பிட்டார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில் பத்தில் நாலு பேருக்கு இரண்டு துணுக்குகளும் தழும்பில் வெவ்வேறு படியைக் காட்டின. எல்லாவற்றுக்கும் உரைகல்லாக வைத்திருந்த சோதனையே இவ்வளவு தடுமாறும் என்றால், மற்ற சோதனைகளை அதோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதிலும் அந்தத் தடுமாற்றம் கலந்தே இருக்கும். இந்தத் துறையில் எந்தச் சதவீதத்தைப் படித்தாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊசிக்கு முன்பே மருத்துவர்களிடம் வேறொரு கருவி இருந்தது: அவர்களுடைய விரல்கள். நோயாளியைப் படுக்கவைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்துவார்கள். மூச்சோடு கீழிறங்கும் கல்லீரலின் விளிம்பு விரலில் இடிக்கும். மெத்தென்று இருந்தால் ஒரு பொருள், கெட்டியாகவும் முடிச்சாகவும் இருந்தால் வேறு பொருள். தழும்பேறிய திசு கெட்டிப்படும் என்ற இந்தப் பழைய அறிவு சரியானதுதான். ஆனால் விரலுக்கு எண் தெரியாது. விலாவுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கும் கல்லீரலை அது எட்டாது. கெட்டித்தன்மை விரலுக்கு எட்டும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அந்தத் தொடுகையை உடலுக்குள்ளே அனுப்பி, கிடைத்த உணர்வை எண்ணாக மாற்ற முடியுமா என்பதுதான் 1990களில் இயற்பியலாளர்களை இழுத்த கேள்வி.

விடை இரண்டு வகை அலைகளின் வேறுபாட்டில் இருந்தது. நீர் நிறைந்த திசுவை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். அந்த விஷயத்தில் நல்ல கல்லீரலும் தழும்பேறிய கல்லீரலும் ஏறக்குறைய ஒன்றே. அமுக்கத்தால் பரவும் அலைக்கு நெட்டலை என்று பெயர். ஸ்கேனில் பயன்படும் மீயொலி அந்த வகை. எந்தக் கல்லீரலுக்குள்ளும் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். தழும்பு கூடினாலும் இந்த வேகம் பெரிதாக மாறாது. ஆகவே சாதாரண வயிற்று ஸ்கேன், தொடக்க நிலைத் தழும்பைப் பார்க்காமலே கடந்துவிடும். பக்கவாட்டில் நெளிக்கும் அசைவு அப்படியல்ல. அதற்குத் திசு காட்டும் எதிர்ப்பு, நல்ல கல்லீரலுக்கும் சிரோசிஸ் கல்லீரலுக்கும் இடையே பத்து மடங்குக்கு மேலும் வேறுபடும். அந்த நெளிவு பரவுவதுதான் குறுக்கலை. துணி காயப்போடும் கொடிக்கயிறு தொய்வாக இருக்கும்போது சுண்டினால் நெளிவு மெதுவாக ஊரும், இழுத்துக் கட்டியிருந்தால் விர்ரென்று மறுமுனைக்கு ஓடும். கல்லீரலிலும் குறுக்கலை இப்படித்தான்: மென்மையான திசுவில் நொடிக்கு 1 மீட்டரை ஒட்டி நகரும், கெட்டிப்பட்ட திசுவில் 3, 4 மீட்டர் வேகத்தில் பாயும். அலையின் வேகத்தை அளந்துவிட்டால் கெட்டித்தன்மை தானாகவே கிடைத்துவிடும்.

நோயாளியின் உடலுக்குள் 4 சென்டிமீட்டர் தூரம் மட்டும் ஓடி மறையும் ஓர் அலையின் வேகத்தை எப்படி அளப்பது? பாரிஸின் இஎஸ்பிசிஐ கல்வி நிறுவனத்தில் மத்தியாஸ் ஃபிங்க் நடத்திய அலை ஆய்வகத்தில், லோரான் சாந்த்ரன் என்ற ஆய்வு மாணவரும் சக ஆய்வாளர்களும் கையாண்ட உத்தி, வேகமான அலையை வைத்து மெதுவான அலையைத் துரத்துவது. குறுக்கலை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போனால் 4 சென்டிமீட்டரைக் கடக்க 40 மில்லிநொடி ஆகும். அதே இடத்துக்கு மீயொலி போய்த் திரும்பி வர ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆக, குறுக்கலை தவழ்ந்து போய்க்கொண்டிருக்கும்போதே நொடிக்கு ஆயிரக்கணக்கான மீயொலித் துடிப்புகளை அனுப்பி, எந்த ஆழத்தில் எப்போது திசு நெளிந்தது என்று பார்த்துவிடலாம். நெளிவின் அளவு மிக மிக நுண்ணியது என்றாலும், அடுத்தடுத்து வரும் எதிரொலிகளை ஒப்பிட்டு அதைக் கணக்கிட முடியும். சாந்த்ரன் 2001இல் எக்கோசென்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2003இல் ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கிடைக்க 2013 ஆனது. முதலில் இது ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காகத்தான் வந்தது. பிறகு அந்த வைரஸுக்கு நல்ல மாத்திரைகள் வந்து நோய் குணமாகத் தொடங்கியது. கருவியின் வேலை கொழுப்புக் கல்லீரல் பக்கம் நகர்ந்தது.

செய்முறை எளிது. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேலே மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளின் இடைவெளி விரிவதற்காக இந்த ஏற்பாடு. பக்கவாட்டில், கல்லீரலின் வலது பகுதிக்கு நேரே, ஜெல் தடவிய முனையை இரண்டு விலாக்களுக்கு நடுவே வைத்துப் பொத்தானை அழுத்துவார்கள். முனை 50 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஒரே ஒரு சுற்று மட்டும் அசைந்து தோலைத் தட்டும். சுண்டிவிட்ட உணர்வுதான் இருக்கும், வலிக்காது. தோலுக்குக் கீழே 2.5 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 6.5 சென்டிமீட்டர் வரை அலையின் ஓட்டத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். தோலடிக் கொழுப்பு தடிமனாக உள்ளவர்களுக்கு இன்னும் ஆழம் போகும் பெரிய முனை தனியே உண்டு. சரியான அளவீடு குறைந்தது 10 எடுத்து, அவற்றின் நடு மதிப்பைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்தும் தங்களுக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் அறிக்கை காட்டும். ஐக்யூஆர் என்று அச்சாகியிருக்கும் சதவீதம் அதுதான். அது 30க்கு மேல் போனால், குறிப்பாகக் கெட்டித்தன்மை கூடுதலாக வந்த நேரத்தில், அந்த எண்ணை நம்பக்கூடாது. மொத்தம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு தட்டலிலும் ஆராயப்படுவது 1 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட உருளை அளவுத் திசு. பயாப்ஸித் துணுக்கைவிட இது நூறு மடங்குக்கும் அதிகம்.

அறிக்கையில் வருவது கிலோபாஸ்கல் என்ற அலகில் ஓர் எண். அலை வேகத்திலிருந்து அதைப் பெறும் சூத்திரத்தைப் பள்ளி இயற்பியல் படித்தவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வேகத்தின் வர்க்கத்தைத் திசுவின் அடர்த்தியால் பெருக்கி, மேலும் 3ஆல் பெருக்கினால் கெட்டித்தன்மையைக் குறிக்கும் யங் குணகம். திசுவின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே, கன மீட்டருக்கு 1,000 கிலோ. அலை நொடிக்கு 1.3 மீட்டர் போனால் 5 கிலோபாஸ்கல். நல்ல கல்லீரல் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். 2 மீட்டர் போனால் 12. 3 மீட்டர் போனால் 27. 5 மீட்டர் போனால் 75. கருவி காட்டும் உச்ச எண்ணும் அதுவே. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் எண்கள் மேலே போகப் போக எட்டி எட்டித் தாவும். ஆகவே 5க்கும் 8க்கும் உள்ள வேறுபாட்டையும் 45க்கும் 48க்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது.

கொழுப்பையும் அதே முனை அளக்கும். கொழுப்பேறிய கல்லீரலில் மீயொலி சீக்கிரம் தேய்ந்துபோகிறது. அந்தத் தேய்வை மீட்டருக்கு இத்தனை டெசிபல் என்று 100 முதல் 400 வரையிலான எண்ணாகத் தருவார்கள்; அறிக்கையில் கேப் என்று இருக்கும். 275ஐத் தாண்டினால் கொழுப்பு இருப்பது ஏறக்குறைய உறுதி. சாதாரண ஸ்கேன் கண்ணுக்குப் புலப்படாத குறைந்த கொழுப்பையும் இது ஓரளவு பிடிக்கும். இதற்கு மேல் இந்த எண்ணில் அதிகம் தேட வேண்டியதில்லை. 310 என்று வந்தவர் 290 என்று வந்தவரைவிட மோசம் என்று சொல்லுமளவுக்கு இது கூர்மையானது அல்ல.

இனிதான் முக்கியமான இடம். கருவி அளப்பது கெட்டித்தன்மையை, தழும்பை அல்ல. தழும்பு கல்லீரலைக் கெட்டியாக்கும் என்பது உண்மை, ஆனால் கல்லீரல் கெட்டியாக வேறு காரணங்களும் உண்டு. கல்லீரல் ரத்தத்தால் நிரம்பிய உறுப்பு. அதைச் சுற்றி விரிந்து கொடுக்காத உறை ஒன்று இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் நார் ஒரு இழைகூடக் கூடாமலே அது விறைத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் பெருகும், அப்போது எண் ஏறும். குறைந்தது 3 மணி நேரம் வயிற்றைக் காலியாக வைத்திருக்கச் சொல்வது அதனால்தான். இதயம் பலவீனமாகி, ரத்தம் திரும்பிப் போக முடியாமல் கல்லீரலில் தேங்கினாலும் ஏறும். ஜெர்மனியின் ஹைடெல்பர்க் ஆய்வாளர்கள் பன்றியின் கல்லீரலில் சிரை அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டியபோது, கெட்டித்தன்மையும் கூடவே ஏறிக்கொண்டு போனதை 2010இல் காட்டினார்கள். அந்தக் கல்லீரல்களில் தழும்பு இல்லை. பித்தக்குழாய் அடைபட்டாலும், மஞ்சள் காமாலையில் கல்லீரல் செல்கள் வீங்கினாலும், விடாமல் மது குடித்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். குடியை நிறுத்திய சில வாரங்களில் எண் கணிசமாக இறங்குவதைப் பார்க்கலாம். தழும்பு அதற்குள் கரைந்துவிடாது, இறங்கியது வீக்கம்.

வேறொரு நேரம் எண்ணே வராமல் போகும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் குறுக்கலை அதைத் தாண்டிக் கல்லீரலை எட்டாது. திரவத்துக்கு நெளிவை எதிர்க்கும் தன்மை இல்லை. ஆகவே குறுக்கலை அதில் பரவ முடியாது. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் பூமியின் வெளிப்புறக் கருவத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிடுவதும் இதே விதியால்தான். அந்தப் பகுதி திரவம் என்று அறிவியலாளர்கள் முடிவுக்கு வந்ததே அப்படித்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் படத்தைத் தருவதில்லை. கட்டி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. "ஃபைப்ரோஸ்கேன் எடுத்தாச்சு, கல்லீரல் சுத்தமாக இருக்கிறது" என்று நினைத்து, சிரோசிஸ் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய சாதாரண ஸ்கேனைக் கைவிடுவது ஆபத்தானது.

இவ்வளவு ஐயங்களுக்கு நடுவிலும் இந்த எண் பயன்படுவது, அது ஒரு திசையில் மிக உறுதியாகப் பேசுவதால். கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால், முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடக் காரணங்கள் நிறைய இருக்கின்றன, இறக்கிக் காட்டும் காரணங்கள் அரிது. 12க்கு மேல் போனால் முற்றிய தழும்பைச் சந்தேகிக்க வேண்டும். இடையில் இருந்தால் வேறு சோதனைகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் இருக்கும் பவேனோ என்ற ஊரின் பெயரில் நடந்துவரும் நிபுணர் மாநாடுகள் இதை மேலும் நீட்டியிருக்கின்றன. 2021இல் கூடிய ஏழாம் மாநாடு 10, 15, 20, 25 என்று ஐந்தைந்தாக ஏறும் படிகளைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு படியிலும், கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது. எண் 20க்குக் கீழேயும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேலேயும் இருந்தால், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று பார்க்கும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடலாம் என்பது அதற்கு முந்தைய மாநாட்டின் முடிவு. ஒரு நோயாளி குழாய் விழுங்க வேண்டிய துன்பத்தை விலாவில் பட்ட சில தட்டல்கள் தவிர்க்கின்றன என்பது சாதாரண விஷயம் அல்ல.

அப்படியென்றால் ஊருக்கு ஊர் முகாம் போட்டு எல்லோருக்கும் இந்த ஸ்கேனை எடுத்துவிடலாமே? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும். 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு முற்றிய தழும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தையும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள 50 பேரில் 45 பேர் அகப்படுவார்கள். நோயில்லாத 950 பேரில் 95 பேருக்கும் தவறாக "இருக்கிறது" என்று வரும். ஆக "இருக்கிறது" என்று கேட்டுக் கலங்கி வீடு திரும்பும் 140 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒன்றுமில்லை. "இல்லை" என்று வந்த 860 பேரில் தவறவிட்டது 5 பேரைத்தான். இதுவே சாப்பிட்டுவிட்டு வந்தவர்களையும் படுக்கவைத்து எடுக்கும் முகாமாக இருந்தால் 95 இன்னும் பெருகும். முன்கூட்டியே சலித்து, ஆபத்துள்ளவர்களை மட்டும் இந்தக் கருவிக்கு அனுப்புவதுதான் நியாயம்.

அந்தச் சல்லடை ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது, அதற்குக் கருவிகூட வேண்டாம். 2006இல் ரிச்சர்ட் ஸ்டெர்லிங் குழுவினர் வெளியிட்ட ஃபிப் 4 கணக்கு அது. வயதை எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்க வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரங்களில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் முடிந்தது. வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, தட்டணுக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 52ஐ 48ஆல் பெருக்கினால் 2,496. 64இன் வர்க்கமூலம் 8, அதை 180ஆல் பெருக்கினால் 1,440. வகுத்தால் 1.73. இந்த எண் 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தால் போதும். 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். இவர் இடையில் இருக்கிறார். இவரைத்தான் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். கணக்கு மாயம் அல்ல. கல்லீரலில் நார் கூடும்போது குடலிலிருந்து வரும் ரத்தத்துக்கு வழி அடைபட்டு மண்ணீரல் வீங்குகிறது, வீங்கிய மண்ணீரலில் தட்டணுக்கள் சிறைப்படுகின்றன. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைக் கல்லீரல் சுரப்பதும் குறைகிறது. ரத்தத்தில் எண்ணிக்கை இறங்குவது அதனால்தான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதே எண்ணைத் தூக்கிவிடும் என்பதால் 1.3க்குப் பதில் 2.0 என்று வைத்துக்கொள்கிறார்கள். 35க்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக உதவாது.

நீரிழிவுக்கு மருந்து வாங்க மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவரின் அட்டையில் இதற்கு வேண்டிய மூன்று ரத்த அளவுகளும் பெரும்பாலும் இருக்கும், அல்லது குறைந்த செலவில் எடுத்துவிடலாம். கொழுப்புக் கல்லீரலைத் தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்திய அரசு 2021 பிப்ரவரியில் சேர்த்தது. விலை உயர்ந்த கருவி மாவட்டத்துக்கு ஒன்று வரும்வரை காத்திருக்காமல், இந்தப் பெருக்கல் வகுத்தலை ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் செய்துவிட்டால் போதும் என்று உறுதியாக நம்புகிறேன். நீரிழிவு உள்ளவருக்குக் கண்ணையும் பாதத்தையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறோம், கல்லீரலை விட்டுவிடுகிறோம். அதற்கு நியாயமான காரணம் ஒன்றும் இல்லை.

கெட்டித்தன்மையை அளக்கும் வேறு கருவிகளும் இருக்கின்றன. சில மீயொலிக் கருவிகள் தோலைத் தட்டாமல், குவித்த ஒலியின் விசையாலேயே திசுவை உள்ளே தள்ளி அலையைக் கிளப்புகின்றன. படத்தைப் பார்த்துக்கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவற்றின் வசதி. ஒவ்வொரு நிறுவனக் கருவியின் எண்ணும் சற்று வேறுபடும். ஒன்றில் எடுத்ததை மற்றொன்றோடு ஒப்பிடக்கூடாது. எம்ஆர்ஐ வழியும் உண்டு. 1995இல் மேயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளை, ரிச்சர்ட் ஏமன் முதலானோர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முறை அது. உடலுக்கு வெளியிலிருந்து தொடர்ந்து அதிரவைத்து, உள்ளே பரவும் அலையை எம்ஆர்ஐயில் படமாக்குகிறது. கல்லீரலின் பெரும்பகுதியையும் பார்த்துவிடுவதால் துல்லியம் கூடுதல், செலவும் கூடுதல்.

சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த அளவீடுகளுக்கு எச்சரிக்கை என்பதைத் தாண்டிய பொருள் குறைவாக இருந்தது. இன்று நிலை வேறு. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஆகஸ்டில் செமாகுளுட்டைடு ஊசிக்கும் இதே நோய்க்காகக் கிடைத்தது. இரண்டும் எஃப் 2, எஃப் 3 படிகளில் இருப்பவர்களுக்கு. ரெஸ்மெட்டிரோம் அனுமதியில் பயாப்ஸி கட்டாயம் என்று சொல்லப்படவில்லை. இனி யாருக்கு மருந்து என்பதை முடிவு செய்வதிலும் இந்தத் தட்டலுக்குப் பங்கு இருக்கும். மருந்தைவிடப் பழைய சிகிச்சைக்கும் வலுவான சான்று உண்டு. கியூபாவில் 293 பேருக்கு ஓராண்டு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் திசு எடுத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் பாதிக்கு அருகில் தழும்பே ஒரு படியாவது பின்வாங்கியிருந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 8 கிலோ. எல்லோராலும் முடிவதில்லை, அந்த ஆய்விலும் பத்தில் ஒருவரே அதை எட்டினார். 7 சதவீதம் குறைத்தவர்களிலும் அழற்சி பெருமளவு தணிந்தது.

எடை குறைத்தபின் மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது எவ்வளவு இறங்கினால் அதை உண்மையான முன்னேற்றம் என்று கொள்ளலாம்? கருவியை வைக்கும் இடம் ஒரு விலா இடைவெளி மாறினாலே எண் சற்று மாறும். ஆகவே சிறிய இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. முற்றிய தழும்பு உள்ளவர்களுக்கு பவேனோ மாநாடு சொன்ன அளவுகோல்: எண் 20க்குக் கீழே இருந்து, முன்பைவிட 20 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும்; அல்லது 10க்குக் கீழே வந்துவிட வேண்டும். 14 இருந்தவருக்கு 12.5 வந்தால் அது இன்னும் எதையும் சொல்லவில்லை. 11 வந்தால் சொல்கிறது. இரண்டு முறையும் அதே வகைக் கருவி, அதே முனை, வெறும் வயிறு என்று இருக்க வேண்டும். எஸ்ஜிபிடி எகிறியிருந்த நேரத்தில் எடுத்த பழைய எண்ணை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. மருத்துவரிடம் போகும்போது பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோய், அதில் கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஐக்யூஆர் சதவீதத்தையும் காட்டிக் கேளுங்கள்.